பூட்டும் அமானிதமும்

ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு மீது நின்று நோக்குவோர் கடலிடமிருந்து ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ளலாம். டென்மார்க் நாட்டின் கடனுதவியுடன் அமைக்கப்பட்ட இத்துறைமுகம் 2013 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே திறந்துவைக்கப்பட்டது. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நீரோட்டம் காலங்காலமாகச் சுமந்து சென்ற மணலை அலைதடுப்புகள் மறித்தன. மறிக்கப்பட்ட மணல் துறைமுக வாயிலிலே படிந்து கலங்களின் வரவுக்கு இடையூறாயிற்று. மணல் வரத்தை இழந்த வடபுறக் கரையோ அரிக்கப்படலாயிற்று; ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னை நின்ற நிலமும் தோணி இழுக்கும் கரையும் கடலுட் சென்றன. கல் இடப்பட்டது ஓரிடத்தில். நிலம் இழந்தவன் இருந்தது வேறிடத்தில்.

ஒருவன் தன் எல்லைக்குள்ளே செய்வதன் பயனை அயலான் அநுபவிக்க நேரும் இந்நிலை கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. நம் கையிலிருக்கும் தொலைபேசிக்கும், நம் வீட்டு மூலையிலே இரவு பகலாக விளக்கெரிய இருக்கும் இணையக் கருவிக்கும் அது பொருந்தும். அவற்றைக் காத்தல் வெறும் தற்காப்பன்று, பிறர்பாற் செய்யவேண்டிய கடமையுமாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடயம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே விடையே கிடைக்கிறது. “என்னிடம் ஒளிப்பதற்கு எதுவுமில்லை, எனவே எனக்குப் பூட்டும் வேண்டியதில்லை” என்பதே அவ்விடை. மாணவர் மட்டுமன்றிக் கற்றறிந்தோரும் இதனைக் கூறக் கேட்டிருக்கிறோம். கேட்டவளவிலே இது நேர்மையின் குரலாகவே ஒலிக்கிறது. குற்றமுடையவனே மறைப்பான், குற்றமற்றவன் கதவைத் திறந்துவைத்திருப்பான் என்னும் எண்ணம் அதனுள்ளே பொதிந்து கிடக்கிறது. ஆயின், இக்கூற்று இரண்டு ஊகங்களின் மேல் நிற்கின்றது. என் தொலைபேசியில் உள்ளவை யாவும் எனக்கே உரியவை என்பது ஒன்று. மறைக்கப்படுவன யாவும் குற்றங்களே என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழையானவை.

முதலாவதை முதலில் நோக்குவோம். கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களிலே பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைத்தல் நெடுங்கால வழக்கம். மூத்த மகள் மணமானதும் பெற்றோர் தாம் இருந்த வீட்டை அவளுக்கு விட்டு, அதே வளவிலோ அயல் வளவிலோ எழுப்பிய மற்றொரு வீட்டுக்கு மாறுவர். அடுத்த மகளுக்கும் அவ்வாறே. இதனால் உம்மாவும் சாச்சியும் ராத்தாவும் கூப்பிடு தூரத்திலே வாழும் குடியமைப்பு உருவாயிற்று. முன்னர் அவ்வீடுகளுக்குப் பொதுவாக ஒரு கிணறும் ஒரு கடப்பும் இருந்தன. இன்று அவற்றோடு ஒரு வைபை இணைப்பும் சேர்ந்துள்ளது. ஒரு வீட்டிலே பொருத்தப்பட்ட கருவியின் கடவுச்சொல்லை மூன்று வீட்டாரும் அறிவர். விருந்துக்கு வந்தவரும் அறிவர். அவர்தம் பிள்ளைகள் வழியே தெருவும் அறியும்.

தொலைபேசியின் உட்புறமும் இத்தகைய பொது வளவே. அதனுள்ளே எனது எனத்தக்கது மிகச் சிறிது. கட்டாரிலோ சவூதியிலோ தொழில்புரியும் மச்சான் தன் மனைவிக்கென எழுதி, குடும்பத்தவரிடம் கொடுத்தனுப்பிய கடிதம் ஒருகாலத்திலே ஒட்டிய உறையினுள்ளே வந்தது. இன்று அவர் குரலே நேராக வருகிறது. உம்மாவின் மருத்துவ அறிக்கை, தோழி ஒருத்தி தன் மணமுறிவு பற்றி அழுதுகொண்டே சொன்ன குரற்பதிவு, பர்தா இன்றிப் பெண்கள் மட்டும் கூடியிருந்த மணவீட்டு ஒளிப்படங்கள், நூற்றுக்கணக்கானோரின் பெயரும் இலக்கமும் ஆகியன யாவும் அதனுள்ளே இருக்கின்றன. இவற்றை என்னிடம் தந்தவர் எவரும் ‘உனக்குரியது, விரும்பியவாறு செய்’ என்று தரவில்லை. என்னை நம்பித் தந்தனர். அங்ஙனமாயின், “ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை” என்று கூற எனக்கு என்ன உரிமை? பிறருடைய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, களவுபோனாற் போகட்டும் என்று பேசுவதைப் பெருந்தன்மை என யாரும் கொள்ளார்.

கட்டுரையாளரின் அநுபவமொன்றை இவ்விடத்திலே கூறுதல் பொருத்தமாகும். விடுதியிலே தங்கியிருந்த முதலாம் ஆண்டில், உடன்பயிலும் ஒருத்தியின் வட்ஸ்அப் கணக்கிலிருந்து செய்தியொன்று வந்தது. தன் ஆறிலக்கக் குறியீடு தவறுதலாக எனது இலக்கத்துக்கு வந்துவிட்டதென்றும் அதனைத் திருப்பி அனுப்புமாறும் அதிலே கேட்கப்பட்டிருந்தது. சிந்தியாது அனுப்பினேன். அவளது கணக்கு ஏற்கெனவே களவாடப்பட்டிருந்ததையும், வந்த குறியீடு எனது கணக்கின் திறவுகோலே என்பதையும் சிறிது நேரத்தின் பின்னரே அறிந்தேன். அதற்குள் என் பெயரிலே உறவினர் பலருக்கு ‘அவசரமாகப் பணம் தேவை’ என்னும் செய்தி சென்றுவிட்டது. எங்கள் வளவிலேயே வாழும் சாச்சி, சீட்டிலே எடுத்து வைத்திருந்த 25,000 ரூபாவை, பிள்ளை விடுதியிலே என்ன இடரிலே கிடக்கிறாளோ என்று அஞ்சி, கொடுக்கப்பட்ட கணக்குக்கு அனுப்பிவிட்டார்.

சாச்சி என்னை ஏசவில்லை. “உன்ட பேரக் கண்டுதானே மகள் அனுப்பின” என்றார். இன்றுவரை அச்சொல்லே என்னை உறுத்துகிறது. களவுபோனது அவரது பணம். ஆனால் அதற்குக் கருவியாயிருந்தது என் பெயரின் மேல் அவர் வைத்த நம்பிக்கை. என்னிடம் இருந்த செய்திகளிலே எனக்கு நாணமளிப்பது எதுவும் இருக்கவில்லை. ‘ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை’ என்னும் கூற்று என்னைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மையாயிருந்தது. எனினும் அவ்வுண்மை சாச்சியின் பணத்தைக் காக்கவில்லை.

இச்சிறு நிகழ்ச்சியிலே கண்ட உண்மையைப் பேரளவிலும் காணலாம். 2016 ஆம் ஆண்டிலே ‘மிராய்’ எனப்பட்ட தீநிரல், உலகெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த இணையக் கருவிகளுக்குள்ளும் கண்காணிப்புக் கமராக்களுக்குள்ளும் புகுந்தது. அதற்குப் பெருவித்தை எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையிலே இடப்பட்டு, வாங்கியோரால் மாற்றப்படாதிருந்த பயனர் பெயர்களும் கடவுச்சொற்களுமாக ஏறத்தாழ 60 இணைகளை ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்த்தமையே அது செய்தது. அவ்வாறு கைப்பற்றப்பட்ட கருவிகளைக் கொண்டு அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆந் திகதி ‘டைன்’ என்னும் நிறுவனம் தாக்கப்பட்டது. அதனால் அமெரிக்காவிலே பெருந்தொகையானோருக்குப் பல முன்னணி இணையத்தளங்கள் மணிக்கணக்காக எட்டாதிருந்தன. அக்கருவிகளின் உரிமையாளர்கள் தம் வீட்டிலே யாதொரு குறையையும் உணர்ந்திருக்கமாட்டார்கள். அவர்கள் வீட்டுக் கதவு திறந்துகிடந்தது; களவு நடந்தது அந்நியன் வீட்டில்.

இரண்டாவது உதாரணம் இன்னும் தெளிவானது. 2018 ஆம் ஆண்டிலே வெளியான கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரத்தில், முகநூலிலே ஆளுமைச் சோதனைச் செயலியொன்றைத் தாமே விரும்பிப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 2,70,000 பேர். அவர்கள் வழியாகத் தரவு பறிபோயிருக்கக்கூடியவர்களின் தொகை 8 கோடி 70 இலட்சம் வரையாகலாம் என முகநூல் நிறுவனமே அறிவித்தது. ஒருவர் ‘ஆம்’ என்று அழுத்தினார். அவருடைய நண்பர் முந்நூறு பேரின் விவரங்கள் சென்றன. அம்முந்நூறு பேரிடமும் எவரும் எதனையும் கேட்கவில்லை. தனக்குரியதல்லாத ஒன்றைத் தானமாக வழங்க ஒருவனுக்கு அதிகாரம் உண்டா என்னும் பழைய அறவியல் வினா இங்கே புதிய வடிவிலே எழுகின்றது.

மேலைநாட்டுச் சிந்தனையிலே அந்தரங்கம் பற்றிய விவாதம் பெரும்பாலும் தனிமனித உரிமையை மையமாகக்கொண்டே வளர்ந்துள்ளது. 1890 ஆம் ஆண்டிலே வாரன், பிராண்டைஸ் என்னும் சட்ட அறிஞர் இருவர் ஹாவார்ட் சட்ட ஆய்விதழில் எழுதிய கட்டுரை இதன் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. அக்காலத்திலே புதிதாக வந்த உடனடி ஒளிப்படக் கருவியும், வம்பளக்கும் செய்தித்தாள்களும் இல்லறத்தின் உட்புறத்தை வெளியிடத் தொடங்கியமையே அவர்களை எழுதத் தூண்டிற்று. தன்னைத் தன்பாட்டில் விடுமாறு கோரும் உரிமை மனிதனுக்கு உண்டு என அவர்கள் வாதிட்டனர். 1948 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தின் 12 ஆம் உறுப்புரையும் இவ்வழியே செல்கின்றது. இவ்வுரிமை மதிக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயின், உரிமை என்னும் கருத்து மட்டும் போதுமானதன்று. உரிமையை அதற்குரியவன் வேண்டாமென விட்டுக்கொடுக்கலாம். ‘ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை’ என்போர் செய்வதும் அதுவே. விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று உண்டெனில் அது கடமையேயாகும்.

அக்கடமைக்கு நம்மிடையே ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. முஸ்லிம் மக்கள் அதனை அமானிதம் என்பர். தமிழ் இலக்கியம் அதனை அடைக்கலம் என்னும். அமானிதமாக வைக்கப்பட்ட பொருள் வைத்திருப்பவனுக்குச் சொந்தமாகாது. அதனைக் காத்து உரியவரிடம் ஒப்புவிப்பதே அவன் கடன். பொருள் மட்டுமன்றி, நம்பிக் கூறப்பட்ட சொல்லும் அமானிதமே என்பது மார்க்க அறிஞர் போதனை. சிலப்பதிகாரத்திலே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுத்ததற்கு ஒரு காதையே வகுக்கப்பட்டுள்ளது. பின்னர் நேர்ந்த பெருந்துயரிலே மாதரியின் பிழை யாதொன்றும் இல்லை. எனினும் அடைக்கலத்தை இழந்தேனே என்று அவள் தீப்புகுந்ததாகக் காப்பியம் கூறுகின்றது. அம்முடிவை நாம் வேண்டி நிற்கவில்லை. ஆனால், பிறர் நம்பிக்கையைச் சுமப்பவர்க்கு இருக்கவேண்டிய மனப்பாங்கு எத்துணை ஆழமானது என்பதை அது காட்டுகின்றது. கையிலே தொலைபேசி உள்ள ஒவ்வொருவரும் இன்று நூறு பேரின் அடைக்கலத்தைச் சுமக்கும் மாதரியே.

இனி, மறைக்கப்படுவன யாவும் குற்றங்களே என்னும் இரண்டாவது ஊகத்தை நோக்குவோம். நம் ஊர்களிலே கிடுகு வேலி அடைத்தவர் எவரும் உள்ளே களவுப்பொருள் வைத்திருந்தமையால் அடைக்கவில்லை. பெண்கள் தலைமறைப்பின்றி உலவவும், குடும்பத்தவர் தமக்குள்ளே பிணங்கி இணங்கவும், வறுமையுற்ற நாளிலே அடுப்பெரியாமை அயலுக்குத் தெரியாதிருக்கவும் வேலி வேண்டியிருந்தது. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் கூறிய பின்னரே நுழையவேண்டுமெனத் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் விதிக்கின்றது. பிறர் குறைகளைத் துருவித் தேடுதல் ஆகாதென அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கின்றது. இவ்விதிகள் குற்றவாளிகளைக் காக்க எழுந்தவையல்ல. மானத்தைக் காக்க எழுந்தவை.

அன்றியும், ஒன்று குற்றமா அன்றா என்பதை எழுதியவன் மட்டும் தீர்மானிப்பதில்லை. படிப்பவனே பெரும்பாலும் தீர்மானிக்கின்றான். கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ‘நவரசம்’ என்னும் கவிதைத் தொகுதியை வெளிப்படையாகவே நூலாக வெளியிட்டிருந்தார். 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னர் சந்தேகம் நிறைந்திருந்த சூழலிலே, அக்கவிதைகள் தீவிரவாதத்தைப் போதிப்பன எனக் கருதப்பட்டன. 2020 மே மாதத்திலே பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்க் கைதான அவர், 2021 டிசம்பரிலே பிணையில் விடப்பட்டு, 2023 டிசம்பரிலே நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். தமிழறிந்த எவரும் வாசிக்கத்தக்க நூலுக்கே இக்கதியாயின், இடமும் காலமும் அறுத்தெடுக்கப்பட்ட குரற்பதிவுக்கும், வேடிக்கையாகப் பகிர்ந்த படத்துக்கும் என்ன பொருள் கற்பிக்கப்படும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று எழுதுபவன் நாளை யார் வாசிப்பான் என்பதை அறியான். அறியாத வாசகனிடமிருந்து அறிந்த நண்பனின் சொல்லைக் காப்பது கோழைத்தனமன்று.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். நிறுவனங்கள் நம்மிடம் சம்மதம் கேட்டே தரவைப் பெறுகின்றன. சம்மதித்தபின் குறைகூறல் முறையோ என்பர். சம்மதம் என்றால் யாது என்பதை நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்த ஒரு கொடுமை கற்பிக்கின்றது. 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆந் திகதி இரவு, அம்பாறை நகரிலே முஸ்லிம் உணவகமொன்றில் உண்ண வந்த சிலர், கறியிலே கண்ட கட்டியொன்றைக் காட்டி, மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரையைக் கலந்தாயா எனக் காசாளரை நெருக்கினர். சிங்களம் நன்கறியாத அவர், சூழ்ந்து நின்றோரின் சினத்துக்கு அஞ்சி, கேள்வி விளங்காமலே ஆம் என்னும் பொருள்படச் சொன்னார். அது தொலைபேசியிலே படமாக்கப்பட்டுப் பரப்பப்பட்டது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அக்கட்டி வெறும் மாவே என அரச பகுப்பாய்வு பின்னர் காட்டிற்று. அத்தகைய மாத்திரை உலகிலேயே இல்லை என மருத்துவர்கள் கூறினர். அதற்குள் மார்ச் மாதத்திலே திகனையிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் வன்முறை மூண்டு, அவசரகால நிலை பிரகடனமாகி, சமூக ஊடகங்களும் தடைசெய்யப்பட்டிருந்தன. அவ்வன்முறையிலே தன் தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 ஆம் ஆண்டிலே வருத்தம் தெரிவித்தது.

அம்மனிதரின் ‘ஆம்’ சம்மதமுமன்று, ஒப்புதலுமன்று. விளங்காத மொழியிலே, வேறு வழியற்ற நிலையிலே, எதிர்நிற்பவன் விரும்பும் விடையைக் கொடுத்து விடுபட முயன்ற மனிதனின் குரல் அது. அவருக்கு நேர்ந்த ஆபத்தையும் நம் அன்றாட வாழ்வையும் சமமாக நிறுத்தல் தகாது. எனினும், நாம் தினந்தோறும் தொலைபேசியிலே அழுத்தும் ‘ஆம்’ என்பதன் அமைப்பு அதனோடு ஒத்திருப்பதை மறுப்பதற்கில்லை. பல பக்கங்களில் சட்ட ஆங்கிலத்திலே எழுதப்பட்ட நிபந்தனைகள். கீழே ஒரேயொரு பொத்தான். அழுத்தாவிடின் சேவை இல்லை. விளக்கமும், மறுக்கும் சுதந்திரமும் இல்லாத இடத்திலே சம்மதம் என்னும் சொல்லுக்கு அறவியற் பெறுமதி இல்லை.

அவ்வாறாயின் எல்லாக் கண்காணிப்பும் தீதா? அன்று. இதற்கும் துறைமுகத்திலேயே சான்று உண்டு. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதெனக் கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் இலங்கை மீன் இறக்குமதியைத் தடைசெய்தது. அதனையொட்டி, ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாட் கலங்களிலே இருப்பிடம் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016 ஜூனிலே தடை நீங்கிற்று. மீன்படும் இடத்தைத் தன் தொழிலின் இரகசியமாகக் காக்கும் கடலோடிக்கு, தன் கலத்தின் வழி முழுவதையும் கரையிலே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது எளிதில் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் அக்கண்காணிப்பிலே மூன்று நியாயங்கள் உள்ளன. எது பார்க்கப்படுகிறது, யார் பார்க்கிறார், எதற்காகப் பார்க்கிறார் என்பன கடலோடிக்குத் தெரியும். அதே கருவியிலே பதிவான மீன்படு நிலையங்கள் போட்டி முதலாளி ஒருவருக்கு விற்கப்படுமாயின் அந்நியாயம் அக்கணமே அழிந்துவிடும். கொண்ட நோக்கத்தைத் தாண்டாமையே கண்காணிப்பின் அறம். கைவிளக்குச் செயலியொன்று தொடர்பிலக்கங்கள் அனைத்தையும் கேட்கும்போது இம்மூன்று வினாக்களையும் நாம் கேட்டல் வேண்டும்.

அரசையும் நிறுவனத்தையும் குறைகூறல் எளிது. நம் வீட்டினுள்ளே நாம் செய்வதை ஆராய்தலே அரிது. மகளின் தொலைபேசியைத் தந்தை வாங்கிப் பார்த்தலும், மனைவியின் செய்திகளைக் கணவன் படித்தலும், தங்கையின் நட்பைத் தமையன் துருவுதலும் பாதுகாப்பு என்னும் பெயரால் நிகழ்கின்றன. சிறு பிள்ளையைக் காத்தல் பெற்றோர் கடன் என்பதில் வாதமில்லை. ஆயின், காத்தலுக்கும் உளவுக்கும் வேறுபாடு உண்டு. காப்பவன் அறியச்செய்து பார்க்கிறான். பிள்ளை வளர வளரத் தன் கையைத் தளர்த்துகிறான். உளவு பார்ப்பவன் அறியாமற் பார்க்கிறான். பிள்ளை வளர வளரப் பிடியை இறுக்குகிறான். திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலின் இல்லறவியலில் வைக்காது, பொருட்பாலின் அரசியலிலே வைத்தமை சிந்திக்கத்தக்கது. ஒற்று நாடாள்பவனின் கருவி. அதற்கு இல்லத்திலே இடமில்லை. மேலும், மகளின் தொலைபேசியைப் படிக்கும் தந்தை தன் மகளை மட்டும் படிப்பதில்லை. அவளை நம்பித் தம் துயரைச் சொன்ன பிற வீட்டுப் பெண்பிள்ளைகளையும் படிக்கிறார். அவர்களுடைய வளவுக்குள் அவர் ஸலாம் கூறாமல் நுழைந்தவராகிறார்.

இதனால், அமானிதம் என்னும் கருத்தும் உரிமை என்னும் கருத்தும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன என்பது பெறப்படும். கடமையை மட்டும் பேசினால், காக்கும் பொறுப்பு எனக்கே என்று கூறி வலியவர் எளியவரின் வாழ்வைத் தம் கைக்குள் வைத்துக்கொள்வர். உரிமையை மட்டும் பேசினால், என்னுடையதை நான் திறந்துவைப்பேன், உனக்கென்ன என்னும் அசட்டை வளரும். அடைக்கலம் ஏற்றவன் அடைக்கலப் பொருளுக்கு எசமானன் அல்லன் என்பதை நினைவிற்கொள்ளின் இவ்விரு தவறும் நேரா.

சட்டம் இதனைத் தீர்த்துவைக்காதா என வினவலாம். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பற்றிய அத்தியாயம் அந்தரங்கத்தை ஒரு தனி உரிமையாகக் கூறவில்லை. இந்தியாவிலே 2017 ஆகஸ்ட் 24 ஆந் திகதி, புட்டசாமி வழக்கிலே, ஒன்பது நீதியரசர்கள் ஒருமனதாக அதனை அடிப்படை உரிமையென ஏற்றனர். நம் நாட்டிலே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியமை வரவேற்கத்தக்கதே. ஆனால் அதன் முதன்மையான பகுதிகள் நடைமுறைக்கு வரவிருந்த 2025 மார்ச்சிலே பிற்போடப்பட்டன. அதனிலும் முக்கியமானது, ஒருவர் முற்றிலும் தம் சொந்த, வீட்டுத் தேவைகளுக்காகக் கையாளும் தரவுக்கு அச்சட்டம் ஏற்புடையதாகாது என அதிலேயே கூறப்பட்டிருத்தல். இது குறையன்று; ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அதிகாரி நுழைவதை நாம் விரும்பமாட்டோம். ஆனால், சட்டம் கடப்போடு நின்றுவிடுகிறது என்பதே இதன் பொருள். கடப்புக்கு உட்புறம் மனச்சாட்சியின் ஆட்சிக்கு விடப்பட்டுள்ளது.

மனச்சாட்சி விழித்தெழுந்தால் செய்யவேண்டியவை பெரியனவல்ல. வீட்டு இணையக் கருவியோடு வந்த இரு கடவுச்சொற்களையும், அதாவது இணைப்புக்குரியதையும் கருவியின் அமைப்பை மாற்றுவதற்குரியதையும், முதல் நாளிலேயே மாற்றுதல். விருந்தினருக்கென வேறோர் இணைப்புப் பெயரை ஏற்படுத்துதல். கருவியின் மென்பொருளைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்தல். தொலைபேசித் திரைக்குப் பூட்டிடுதல். வட்ஸ்அப் கணக்குக்கு இரண்டாவது கடவெண்ணை இடுதல். வரும் குறியீட்டை வாப்பா கேட்டாலும் அவர் குரலை நேரிற் கேளாமற் கொடாதிருத்தல். திருத்தகத்துக்குக் கொடுக்குமுன் படங்களை வேறிடத்தில் வைத்து, தொலைபேசியை வெறுமையாக்குதல். பிறர் படத்தையும் குரலையும் அவரைக் கேளாமல் அடுத்தவருக்கு அனுப்பாதிருத்தல். சாச்சியின் பணத்தைக் காத்திருக்கக்கூடியது இவற்றுள் ஒன்றேயொன்று. அதற்கு ஒரு நிமிடமும் செல்லாது.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை அவசியம். இக்கடமையை எல்லார்மீதும் சமமாகச் சுமத்தல் அநீதியாகும். இயலாததை ஒருவனிடம் அறம் கேட்பதில்லை. ஆங்கில அமைப்புத்திரையை வாசிக்கவியலாத மூதாட்டியை, ஏமாந்தாய் என ஏசுவதிலே நியாயமில்லை. மாற்றவேண்டிய கடவுச்சொல்லை மாற்றாமலே இயங்கக்கூடியதாகக் கருவியைச் செய்து விற்றவன் அவளிலும் பொறுப்புடையவன். புரியாத மொழியிலே சம்மதம் கேட்ட நிறுவனம் அவனிலும் பொறுப்புடையது. அறிந்தவர்க்கே பொறுப்பு மிகுதி. பல்கலைக்கழகம் புகுந்த நாம், நம் வளவிலே இவற்றை வாசித்து விளங்கக்கூடியவர்களுள் முதற்றலைமுறையினராயின், நம் கல்வியின் வரி இங்கேயே தொடங்குகின்றது. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலைச் செலவிட்டு, உம்மாவின் தொலைபேசியையும் அடுத்த வீட்டுச் சாச்சியின் தொலைபேசியையும் அவர்கள் அருகிலே இருந்து, அவர்கள் கைகளாலேயே பூட்டக் கற்பிப்பாராயின், அது நூலகத்திலே பெற்ற எந்த அறிவுக்கும் குறைந்ததன்று. கடவுச்சொல்லை அவர்களே தெரிவுசெய்யட்டும். அதனை நாம் கேட்காதிருப்போம். அமானிதம் என்பதன் பொருளை அவர்கள் நமக்குக் கற்பித்தவர்கள். அதனைக் கருவியிலே எவ்வாறு காப்பது என்பதை நாம் அவர்களுக்குக் கற்பிக்கக் கடமைப்பட்டவர்கள்.

சீட்டுப்பணத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்க முற்பட்டபோது சாச்சி வாங்க மறுத்தார், பின்னர் வாங்கிக்கொண்டார். பணம் திரும்பியது. என் பெயரைக் காணும்போது அவருக்கு முன்னர் இருந்த ஐயமின்மை திரும்பியதா என்பதை நான் அறியேன். இப்போது என் பெயரிலே செய்தி வந்தால், அவர் முதலிலே தொலைபேசியில் அழைத்து என் குரலைக் கேட்கிறார். அது விவேகமே, நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுவே. எனினும், ஒவ்வொரு முறையும் அவ்வழைப்பு வரும்போது, அரிக்கப்பட்ட கரையொன்று நினைவுக்கு வருகின்றது. கல்லை இட்டவர்கள் அயற்கரையை அழிக்க எண்ணியிருக்கமாட்டார்கள். நானும் எண்ணவில்லை. எண்ணாமையே நம் குற்றம் என்க.